மீண்டும் பொறுப்பேற்கும் முன்



நோயினாலோ மனத்தளர்ச்சியினாலோ பணியினின்று சிலகாலம் விலகியிருந்த ஒருவர் மீண்டும் பணிக்குப் புறப்படும்போது, வீட்டிலுள்ளோர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தையே கூறுகிறோம்: "தைரியமாகப் போய் வா." அன்பினால் கூறுவதுதான், ஆயினும் அது போதுமானதன்று. சில வேளைகளில் தீங்கும் விளைக்கும். இதனை நாம் ஏடுகளில் படித்து அறியவில்லை. எம் தம்பி மகனின் வாழ்க்கையில் நாமே செய்த பிழையினால் அறிந்தோம். அப்பிழையையும் அதன்பின் கற்றுக்கொண்டதையும் ஒரு பாடமாக அமைத்து இங்கே தருகிறோம். இரயில்வேயிலும் மின்வாரியத்திலும் மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும் பிறர் உயிரைக் காக்கும் பொறுப்பில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கும், அவர்களை வழியனுப்பும் பெரியோர்க்கும் இது பயன்படுமானால் மகிழ்வோம்.

யார்டு என்பது யாது?

விழுப்புரத்திலோ காட்பாடியிலோ வண்டி நிற்கையில் சன்னல் வழியே பார்த்தால், நடைமேடைகளுக்கு அப்பால் இணையிணையாகப் பல இருப்புப்பாதைகளும், அவற்றில் நிற்கும் சரக்கு வேகன்களும் தெரியும். வண்டிகளைப் பிரித்தும் கோத்தும், எஞ்சினை மாற்றியும், பரிசோதித்தும், பழுதான வேகனை விலக்கியும் அனுப்புகின்ற அவ்விடமே யார்டு. வேகன்களை இடம் மாற்றும் வேலைக்கு ஷண்டிங் என்று பெயர். வண்டியை ஒரு பாதையினின்று மற்றொரு பாதைக்குத் திருப்பும் அமைப்பு பாயிண்ட் எனப்படும். வேகன்களை இணைப்பவரும் பிரிப்பவரும் பாயிண்ட்ஸ்மேன்கள். இவர்கள் அனைவரையும் தம் பணிநேரம் முழுதும் நடத்துகின்ற பொறுப்பை ஏற்பவரை யார்டு மாஸ்டர் என்று அழைப்பர்.

அப்பொறுப்பின் சுமையை எண்களால் ஓரளவு உணரலாம். நிலக்கரி ஏற்றிவரும் ஒரு வண்டியில் பொதுவாக 58 அல்லது 59 வேகன்கள் இருக்கும். சரக்கு நிறைந்த ஒரு வேகன் 80 டன்னுக்கு மேல். முழு வண்டியோ 4,500 டன்னுக்கு மேல். காலி வேகனே 20 டன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. ஆகவேதான் ஷண்டிங் செய்யும்போது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலாகாது என்றும், வெடிபொருள் முதலியன ஏற்றிய வேகன்களாயின் 8 கிலோமீட்டரே எல்லை என்றும் விதி வகுத்துள்ளனர். நிறுத்தி வைத்த வேகன்களோ நிற்கின்றன என்ற எண்ணத்தினாலேயே ஆபத்தானவை. யார்டின் தரை நம் கண்ணுக்குச் சமமாகத் தெரியும், சக்கரத்துக்குத் தெரியாது. 400 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்றால் நமக்குப் புலப்படாது. எஃகுப் பாதையின் மேல் எஃகுச் சக்கரம் உருள்வதற்கு அதுவே மிகுதி. எனவே கைப்பிரேக்கை இறுக்கி, சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை வைத்து, சங்கிலியிட்டுப் பூட்டும் வழக்கம் ஏற்பட்டது.

எந்தப் பாதையில் எது நிற்கிறது, எத்தனை வேகன், எதற்குப் பரிசோதனை முடிந்தது, எந்த இரு வேகன்களுக்கு நடுவே இந்நேரம் ஒரு மனிதர் குனிந்திருக்கிறார் என்பன அனைத்தும் யார்டு மாஸ்டரின் உள்ளத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும். அதனிடையே கண்ட்ரோல் அலுவலகத்தின் தொலைபேசி ஒலிக்கும்: "அந்த வண்டி ஏன் இன்னும் புறப்படவில்லை?" விடை கூறிய பத்தாம் நிமிடத்தில் அதே வினா மீண்டும் வரும்.

நாம் செய்த பிழை

எம் தம்பி மகன் வடநாட்டில் ஒரு பெரிய யார்டில் இப்பொறுப்பில் இருக்கிறார். 2022 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மூடுபனி மிகுந்த ஓரிரவு. ஆள் பற்றாக்குறையால் அது அவருக்குத் தொடர்ந்து ஐந்தாவது இரவுப்பணி. எட்டுக் காலி வேகன்களை ஒரு பாதையில் நிறுத்தினர். "பிரேக் இறுக்கியாயிற்றா?" என்று இவர் கேட்டார். "ஆயிற்று" என்று விடை வந்தது. ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டார். சற்று நேரத்தில் அவ்வேகன்கள் ஓசையின்றி நகர்ந்தன. பாதையோரம் நின்றிருந்த அதே பாயிண்ட்ஸ்மேன் கடைசிக் கணத்தில் விலகியதால் உயிர் பிழைத்தார். முழங்கையில் காயம் மட்டுமே. விசாரணை நடந்தது. தம்பி மகனுக்கு எச்சரிக்கை அளித்ததோடு முடிந்தது.

அவருக்கு அது முடியவில்லை. உறக்கம் போயிற்று. விடுப்பெடுத்து ஊருக்கு வந்தார். நம் வீட்டுத் திண்ணையில் நள்ளிரவில் விழித்தபடி அமர்ந்திருப்பார். தெருவில் மாட்டுவண்டி உருண்டாலும் எழுந்து நிற்பார். மூன்று வாரம் ஆனதும் நாம் பேசத் தொடங்கினோம். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கடன், ஊரார் பேச்சு, பணியின் கௌரவம் ஆகிய எல்லாவற்றையும் எடுத்துரைத்தோம். "குதிரையிலிருந்து விழுந்தவன் உடனே ஏறிவிட வேண்டும்" என்று பெரிய உபதேசமும் செய்தோம். "சரி அத்தை" என்று மட்டும் கூறிப் புறப்பட்டார்.

சென்ற நான்காம் இரவு, கண்ட்ரோல் தொலைபேசி ஒலித்தபோது அதனைக் கையில் எடுத்தவருக்குப் பேச்சு எழவில்லை. அருகிலிருந்த தோழரிடம், "என்னால் இப்போது இயலாது, நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்" என்று கூறிக் கைவிளக்கை மேசைமேல் வைத்துவிட்டார். செய்தி வந்தபோது நாம் அதனைத் தோல்வி என்று எண்ணி வருந்தினோம். பல மாதங்கள் கழித்தே உண்மை விளங்கியது. அன்றிரவு அவர் இட்ட கட்டளைகளுள் மிகச் சிறந்தது அதுவே. இயலாத நிலையில் பொறுப்பைப் பிடித்துக்கொண்டிராமல் தமக்குத்தாமே "நில்" என்றார். அந்த யார்டில் அன்று எவருக்கும் தீங்கு நேரவில்லை.

நாம் மறந்த பாடம்

ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்த முதல் விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்கும், எளியதிலிருந்து அரியதற்கும் செல்ல வேண்டும் என்பது. காய்ச்சலில் இரண்டு மாதம் வராதிருந்த மாணவி வகுப்புக்குத் திரும்பினால், அன்றே அவளுக்குத் தேர்வு வைக்கமாட்டோம். விடுபட்ட பாடம் எது, நினைவில் நிற்பது எது என்று மெல்ல வினவி, முன்னறிவைச் சோதித்தபின்பே புதிய பாடத்தைத் தொடங்குவோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊரார் பிள்ளைகளுக்குச் செய்த இதனை நம் வீட்டுப் பிள்ளைக்குச் செய்யத் தவறினோம். அரியதினும் அரியதான இரவுப்பணிக்கே நேராக அனுப்பிவிட்டோம்.

இரயில்வே விதிகளோ இதனை நம்மினும் நன்கு அறிந்திருக்கின்றன. எஞ்சின் ஓட்டும் லோகோ பைலட் ஒருவர் ஒரு தடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் ஓட்டாதிருந்தால், மீண்டும் தனியே ஓட்டுவதற்கு முன் அத்தடத்தைக் கற்க ஒரு நடை செல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலாயின் இரண்டு நடை. இரண்டு ஆண்டுக்கு மேலாயின் மூன்று நடை. இருபது ஆண்டு அனுபவமுடையவராயினும் இவ்விதி பொருந்தும். அவர் திறமையை ஐயுறுவதன்று இது. அவர் இல்லாதபோது பாதை மாறியிருக்கக்கூடும் என்ற உண்மையை ஏற்பதாகும். பாதை மாறுவது போலவே மனிதரும் மாறுவர் அல்லவா?

உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட வகைப்பாட்டில், பணியினால் விளையும் கடுஞ்சோர்வை ஒரு நோயாகக் கூறாமல் பணியோடு தொடர்புடைய ஒரு நிலையாகக் குறித்துள்ளது. ஆற்றல் வறண்டு போதல், பணியினின்று உள்ளம் விலகி வெறுப்புறுதல், தம் செயலில் பயனில்லை என்று தோன்றுதல் என மூன்று அடையாளங்களையும் கூறுகிறது. இம்மூன்றையும் நம் திண்ணையில் கண்டோம். "சோம்பல்" என்று பெயரிட்டோம். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறோம்.

இரண்டாம் முறை திரும்பிய விதம்

அடுத்த நான்கு மாத காலம் அவர் மருத்துவ விடுப்பில் இருந்தார். 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் பணியேற்றார். இம்முறை நாம் உபதேசம் செய்யவில்லை. அவர் செய்தவற்றைக் கீழே வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது, உறக்கம். மனநல மருத்துவரிடம் சென்றார். மருந்து இரவு உணவுக்குப்பின் உட்கொள்ளத்தக்கது. இவரோ இளமை முதல் பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர். விரதத்துக்கு அஞ்சிப் பத்து நாள் மருந்தையே தொடாதிருந்தார், எவரிடமும் கூறவுமில்லை. மருமகள் மாத்திரை அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். மருத்துவரிடம் விவரம் கூறியவுடன் அவர் சிரிக்கவில்லை, கடியவுமில்லை. மாலை உணவோடு உட்கொள்ளும்படி மருந்தையும் நேரத்தையும் மாற்றித் தந்தார். ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் பத்து நாள் துன்பம் இல்லை. தியாகமும் தவமும் ஆற்றலுக்கேற்பவே என்பது நம் முன்னோர் வாக்கு. நம் விரதத்தை மருத்துவரிடம் எடுத்துரைக்க நாணுதல் வேண்டா.

இரண்டாவது, வினாப்பட்டியல். பணியேற்பதற்கு முன் ஒரு நாள் யார்டுக்குச் சென்று, தாம் இல்லாத காலத்தில் மாறியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்தப் பாதை மூடப்பட்டது? எந்தப் பாயிண்ட் பழுதில் உள்ளது? புதிதாக வந்தவர் யார், மாற்றலாகிச் சென்றவர் யார்? புதிய உத்தரவுகள் எவை? பதினான்கு வினாக்கள். தம்மினும் பத்து வயது இளையவரிடம் அவற்றைக் கேட்டார். அதுவே மிகக் கடினமாயிருந்தது என்று பின்னர் நம்மிடம் கூறினார். மேற்பார்வையாளருக்கு, "எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்" என்னும் வாக்கியம் எளிதில் வாயில் வருவதில்லை.

மூன்றாவது, படிப்படியான ஏற்றம். மருத்துவத் தகுதிச் சான்று கிட்டியதும், மேலதிகாரியிடம் நிலையை மறையாது கூறி, முதல் வாரம் பகற்பணியில் வேறொருவருடன் துணையாக இருக்க அனுமதி பெற்றார். பின்னர்த் தனியே பகற்பணி, அதன்பின் மாலைப்பணி, இறுதியில் இரவு. முதல் இரவுப்பணியன்று துணைக்கு ஒருவர் இருந்தார். எல்லா அதிகாரிகளும் இவ்வாறு இசைவர் என்று கூற இயலாது. கேளாதவர்க்கோ கிட்டவே கிட்டாது.

நான்காவது, பணிநேரக் கணக்கு. 1989 ஆம் ஆண்டு இரயில்வே சட்டம், தொடர்பணி என்று வகுக்கப்பட்ட பணியில் இருப்போர்க்குப் பதினான்கு நாள் காலத்தில் சராசரியாக வாரம் 54 மணியும், கடும்பணி என்று வகுக்கப்பட்டோர்க்கு வாரம் 45 மணியும் எல்லையாக வைத்துள்ளது. ஆள் இல்லாத நாளில் எல்லை மீறுவது நடைமுறை. இவர் மீறிய நேரத்தை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்து, மூன்றாம் தொடர் இரவு வந்தவுடனே மேலதிகாரியிடம் காட்டலானார். ஐந்தாம் இரவு வரை காத்திருப்பதில்லை.

ஐந்தாவது, வினவும் முறை. இந்தப் பாடத்தின் உயிர் இதில்தான் உள்ளது.

"ஆயிற்றா?" என்னும் வினா

பணிக்குத் திரும்பிய அன்று, காயமுற்ற அந்தப் பாயிண்ட்ஸ்மேனைத் தம்பி மகன் தேடிச் சென்றார். மன்னிப்புக் கேட்கவே சென்றார். உள்ளத்தின் ஓர் ஓரத்தில், "இவர் பொய் சொன்னாரே" என்ற எண்ணமும் இருந்தது. அம்மனிதரோ, தாம் பொய் கூறவில்லை என்றார். இரண்டு வேகன்களில் பிரேக் இறுக்கியிருந்தார். மற்ற நாள்களில் அந்தப் பாதையில் அதுவே போதுமென இருந்தது. "ஆயிற்றா" என்று கேட்டீர்கள், "ஆயிற்று" என்றேன். எத்தனை என்று தாங்கள் கேட்கவில்லையே என்றார். இருவரும் சற்று நேரம் பேசாதிருந்தனராம்.

இதனைக் கேட்டபோது நமக்கு நம் வகுப்பறை நினைவு வந்தது. பயிற்சிப் பள்ளியில் முதல் மாதிரிப் பாடம் நடத்தி முடித்துப் பெருமிதத்தோடு, "எல்லோருக்கும் புரிந்ததா?" என்று கேட்டோம். "புரிந்தது டீச்சர்" என்று ஒரே குரலில் விடை வந்தது. பின் வரிசையில் அமர்ந்து கவனித்த நம் விரிவுரையாளர் அம்மையார், "நீ கேட்டது வினாவே அன்று, விடையை நீயே கொடுத்துவிட்டாய்" என்று குறிப்பெழுதினார். அறிந்தவரும் அறியாதவரும் ஒரே விடையைத் தரக்கூடிய வினா, வினா ஆகாது. அறிந்தவர் மட்டுமே விடையளிக்கக்கூடியதாக அது அமைதல் வேண்டும்.

ஆகவே இப்போது அவர், "ஆயிற்றா?" என்று கேட்பதில்லை. "எத்தனை வேகனில் இறுக்கினீர்கள்? முட்டுக்கட்டை எந்தப் பக்கம்? சாவி யாரிடம்?" என்று கேட்கிறார். விடையைக் கேட்டபின் ஏட்டில் எழுதுகிறார். இயன்றபோது விளக்கோடு நடந்து சென்றும் பார்க்கிறார். இதனால் ஒவ்வொரு முறையும் சில நிமிடம் கூடுகிறது. கண்ட்ரோலிலிருந்து கேள்வியும் வருகிறது. ஆனால் உள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்த ஐயங்களுள் பாதி நின்றுவிட்டன என்கிறார். தெளிவற்ற விடைகளைச் சுமந்து நடப்பதே அவருடைய களைப்பில் பெரும்பகுதியாக இருந்தது என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது.

மற்றொன்றும் செய்தார். தம் கீழுள்ள எவரும், நேற்று வந்த புதியவராயினும், ஐயம் தோன்றினால் "நில்" என்று காட்டலாம்; அதற்காக எவரையும் கடியமாட்டேன் என்று முதல் நாளே அறிவித்தார். இரயில்வேயின் கைச்சைகைகளை நோக்கினால் இதன் பொருள் விளங்கும். பகலில் சிவப்புக்கொடி காட்டினால் நில். கொடி இல்லையேல் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினாலும் நில். இரவில் சிவப்பு விளக்கு. அது இல்லையேல் வெள்ளை விளக்கைக் குறுக்காக வேகமாக வீசினாலும் நில். கையில் ஒன்றுமே இல்லாத மனிதரும் வண்டியை நிறுத்த வழி வைத்திருக்கின்றனர். அவ்வழியைப் பிறர் அச்சமின்றிப் பயன்படுத்தும்படி செய்வது மேற்பார்வையாளரின் முதற்கடமை.

விழிப்பின்மை

இன்றைய பேச்சில் "பிரமாதம்" என்றால் மிக நன்று என்று பொருள். நம் நூல்களிலோ அது விழிப்பின்மையைக் குறிக்கும். தத்துவார்த்த சூத்திரம் இம்சையின் இலக்கணத்தைக் கூறுமிடத்தில் பிரமாதத்தையே காரணமாக வைக்கிறது. கொல்லும் எண்ணமில்லாத நல்லவரும் விழிப்பின்மையால் உயிருக்குத் தீங்கிழைக்கக்கூடும் என்பது இதனால் பெறப்படும். நடக்கும்போதும், பேசும்போதும், ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் காக்க வேண்டிய கவனத்தைச் சமிதிகளாக நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தோம். ஐந்து இரவு உறங்காத மனிதருக்கு அக்கவனம் எங்கிருந்து வரும்? ஆகவே உறக்கமும் ஓய்வும் இன்பத்துக்காக மட்டும் அல்ல. பிறர் உயிரைக் காக்கும் பணியில் இருப்பவருக்கு அவை ஒழுக்கத்தின் பகுதி என்றே கொள்ளல் வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கவை

இரவுப்பணி முடித்துக் காலையில் வருபவரிடம் வாசலிலேயே செய்தி கேட்க வேண்டா. பகலில் அவர் உறங்கும் அறையை இருளாகவும் அமைதியாகவும் வைத்தல் நன்று. விருந்தினரை அந்நேரத்தில் எழுப்பி வணங்கச் சொல்ல வேண்டா. "அவன் மகன் இதே வேலையைச் செய்கிறானே" என்ற ஒப்பீடு கூடவே கூடாது. பேச விரும்பும்போது கேட்போம், விடையளிக்க அவசரப்படாதிருப்போம்.

திரும்பிச் செல்ல இயலாதவரும் உண்டு. அதுவும் இழிவன்று. பாதுகாப்புப் பணிக்குரிய மருத்துவத் தகுதியை இழந்தவருக்கு மாற்றுப்பணி வழங்கும் ஏற்பாடு இரயில்வேயில் உள்ளது. பணிக்காலத்தில் மாற்றுத்திறன் நிலையை அடைந்த அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்யலாகாது, பதவியில் தாழ்த்தலாகாது என்று 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20 ஆம் பிரிவில் கூறுகிறது. உள்ளம் தாங்காத நேரத்தில் உடனே பேசுவதற்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் உள்ளது, தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை நாம் நம் வீட்டு நாட்காட்டியில் எழுதி வைத்துள்ளோம்.

எம் தம்பி மகன் இன்றும் அதே யார்டில்தான் பணிபுரிகிறார். எல்லாம் நலமாயிற்று என்று கூற மாட்டோம். டிசம்பர் மாதத்து மூடுபனி இரவுகளில் இன்றும் அவர் நெஞ்சு படபடக்கிறது. சென்ற முறை ஊருக்கு வந்து புறப்படும்போது, "தைரியமாகப் போய் வா" என்பது நம் நாவின் நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு, "இம்முறை தொடர்ந்து எத்தனை இரவு போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "இரண்டுதான் அத்தை, மூன்றாவது வந்தால் சொல்லிவிடுவேன்" என்றார்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. நம் வீட்டில் பணிக்குத் திரும்பும் ஒருவரிடம் கடைசியாக நாம் கேட்ட வினா எது? அதற்கு உண்மையான விடை கூற அவருக்கு இடமிருந்ததா?

2. நம் பொறுப்பில் இருப்போர் நம்மிடம் "நில்" என்று கூற அஞ்சுகின்றனரா? அஞ்சினால், அதற்கு நம் செயல் எது காரணம்?

3. "ஆயிற்றா?" என்று நாம் அன்றாடம் கேட்கும் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்க. அவற்றை எவ்வாறு மாற்றிக் கேட்கலாம்?

4. விரதம், மருந்து, உறக்கம் ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கூறாது மறைத்த செய்தி ஏதேனும் உண்டா?

மாலையில் குடும்பத்தார் கூடியிருக்கும்போது இவற்றைப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். விடைகளைப் பெரியோர் முதலில் கூறாதிருத்தல் நலம்.